மரத்துக்குள் நிறுத்திய நஞ்சு

காட்டில் சாய்ந்த மரம் சில ஆண்டுகளில் மண்ணோடு மண்ணாகிவிடுவது இயற்கையின் ஒழுங்கு. அதே மரம் தூணாகவோ படகாகவோ தண்டவாளத்தைத் தாங்கும் கட்டையாகவோ மாறிய பின் மண்ணாகாமல் நிற்க வேண்டும் என்பது மனிதரின் தேவை. இவ்விரண்டுக்கும் இடையிலான போராட்டத்தில் கடந்த இருநூறு ஆண்டுகளாக வேதியியல் முன் நின்றுள்ளது. அது எதிர்கொண்ட கேள்விகள் மூன்று: மரத்தைத் தின்னும் உயிர்களைத் தடுக்கும் நஞ்சு எது, அதை மரத்தின் உள்ளே எப்படிச் செலுத்துவது, செலுத்திய நஞ்சு மழையிலும் மண்ணின் ஈரத்திலும் கரைந்து வெளியேறாமல் எப்படி நிறுத்துவது. முதல் இரண்டு கேள்விகளுக்கு 1830களில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் விடை கிடைத்தது. நீரில் கரையும் உப்புகளைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்விக்கு உலகம் நெடுங்காலம் பயன்படுத்திய விடையைத் தந்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இந்தியரான சொண்டி காமேசம். மூன்று கேள்விகளிலும் கடினமானது இந்த மூன்றாவதே; மரப் பாதுகாப்பின் வெற்றிகளும் அதனால் விளைந்த தீங்குகளும் நஞ்சு எவ்வளவு உறுதியாக மரத்துக்குள் தங்கியது என்பதைப் பொறுத்தே அமைந்தன.

மரத்தைத் தின்னும் உயிர்கள்

மரத்தின் உடல் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்று பொருள்களால் ஆனது. முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக இணைந்து உருவானவை; லிக்னின் அவற்றைப் பிணைத்து மரத்துக்கு விறைப்பைத் தரும் பொருள். எனவே மரம் என்பது கெட்டிப்பட்ட உணவுக் களஞ்சியம்தான், ஆனால் அதைச் செரிக்கும் திறன் சில உயிர்களுக்கே உண்டு. அவற்றுள் முதன்மையானவை பூஞ்சைகள். மரத்தின் ஈரப்பதம் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அவை வேரூன்றுவதில்லை. மரம் முழுவதும் நீரில் மூழ்கிக் காற்று புகாமல் இருந்தாலும் அவை வளர்வதில்லை. வெனிஸ் நகரக் கட்டடங்களைத் தாங்கிச் சேற்றுக்கடியில் நிற்கும் மரக் கம்பங்கள் நூற்றாண்டுகளைக் கடந்திருப்பதும், வேலிக் கம்பம் மட்டும் தரைமட்டத்தில், ஈரமும் காற்றும் சந்திக்கும் இடத்தில், முதலில் இற்றுப்போவதும் இந்தக் காரணத்தால்தான்.

பூஞ்சைகளுக்கு அடுத்த நிலையில் பூச்சிகள் உள்ளன. மரத்தை மாவாக உதிரச்செய்து உளுத்துப்போக வைக்கும் வண்டுகளின் புழுக்கள் மரத்தில் தேங்கியுள்ள மாவுச்சத்தைத் தேடி வருகின்றன. கரையான்கள் தம் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு செல்லுலோசையே செரிக்கின்றன. கடலில் மற்றோர் எதிரி உண்டு. கப்பல் புழு என்று அழைக்கப்பட்டாலும் அது புழுவன்று. சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. தலைப்பக்கத்தில் உள்ள இரு சிறிய ஓடுகளால் மரத்தைக் குடைந்து உள்ளேயே நீண்டு வளர்வதால், வெளியே ஊசித்துளை மட்டும் தெரியும் பலகை உள்ளே முழுவதும் பொந்தாகியிருக்கும்.

இந்த உயிர்களுக்கு எதிராக மரமும் தன்னைக் காத்துக்கொள்கிறது. அடிமரத்தின் நடுவில் உள்ள, வைரம் பாய்ந்த பகுதியில் பிசின், டானின் முதலான வேதிப்பொருள்கள் சேர்ந்து அதைப் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் உண்ணத்தகாததாக ஆக்குகின்றன. அதைச் சுற்றியுள்ள வெளிறு எனப்படும் வெளிப்பகுதியில் நீரும் மாவுச்சத்தும் நிறைந்திருக்கும். தேக்கின் வைரம் நெடுங்காலம் நிற்பதும், அதே தேக்கின் வெளிறு சில ஆண்டுகளில் உளுத்துப்போவதும் இதன் விளைவே. மரப் பாதுகாப்பு வேதியியல் செய்ய முயன்றது, இயற்கை வைரத்துக்கு அளித்த காப்பை வெளிறுக்கும், வைரம் பாயாத மலிவான மரங்களுக்கும் செயற்கையாக அளிப்பதுதான்.

வேதியியலுக்கு முன்

பண்டைய மரபுகள் பெரும்பாலும் எண்ணெயையும் தாரையும் நம்பின. எபேசஸ் நகரில் இருந்த ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் மரச் சிலையில் பல துளைகள் இட்டு, அவற்றின் வழியே சடாமாஞ்சி வகை நறுமண எண்ணெயை ஊற்றிச் சிலையை ஊறவைத்தனர் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். மேற்பரப்பில் பூசினால் மட்டும் போதாது, காப்புப் பொருள் உள்ளே செல்ல வேண்டும் என்ற புரிதல் அந்தத் துளைகளில் தெரிகிறது.

தென்னிந்தியக் கடற்கரைகளில் படகுப் பலகைகளுக்குப் புன்னை எண்ணெயும் மீன் எண்ணெயும் முந்திரிக் கொட்டை எண்ணெயும் பூசப்பட்டன. குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சிப் பலகை இடுக்குகளை அடைக்கும் வழக்கமும் இருந்தது. கட்டுமரத்தை நாள்தோறும் கரையேற்றி மணலில் உலரவிடும் பழக்கம் மீனவர்களின் வேலை ஒழுங்கிலிருந்து வந்தது என்றாலும், நீரின்றி நெடுநேரம் வாழ முடியாத கப்பல் புழுவை அடக்கிவைக்கவும் அது உதவியது. மூங்கிலையும் மென்மரங்களையும் வாரக்கணக்கில் குளத்து நீரில் ஊறப்போட்டபோது அவற்றின் சர்க்கரையும் மாவுச்சத்தும் கரைந்து வெளியேறின. உளுக்கும் வண்டுகளுக்கு இரை குறைந்தது. வீடு கட்டிய தச்சர்கள் மரத்தூணை மண்ணில் ஊன்றாமல் கல்லின் மேல் நிறுத்தினர். கரையானின் வழியும் மண்ணின் ஈரமும் அந்தக் கல்லால் தடைபட்டன. கூரைக்கடியில் இருந்த பனங்கைகளில் அடுப்புப் புகை படிந்து பூச்சிகளை விரட்டியது. நஞ்சைப் பெரிதும் நாடாமல், மரத்தின் தேர்வாலும் கட்டும் முறையாலும் காப்பைத் தேடிய அறிவு இது. ஆயினும் எண்ணெய்ப் பூச்சு தோலளவுக்கே நின்றது; வெயிலில் பூச்சு வெடித்ததும் ஈரமும் பூச்சியும் உள்ளே நுழைந்தன.

அழுகிய கப்பல்களும் பாதரசமும்

பழைய வழிகள் போதவில்லை என்பதை ஐரோப்பாவுக்கு உணர்த்தியது கடல். 1731இல் நெதர்லாந்தின் கடலணைகளுக்கு முன்னால் நிறுத்தப்பட்டிருந்த மரக் காப்புகளைக் கப்பல் புழுக்கள் துளைத்துச் சல்லடையாக்கியிருப்பது தெரியவந்தபோது, நிலத்தின் ஒரு பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள அந்த நாடு நடுங்கியது. மரத்தை விட்டுவிட்டுப் பெரும் செலவில் கல்லை இறக்குமதி செய்து அணைகளின் முகப்பை மாற்ற வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்னும் கப்பலின் அடிப்பகுதியைச் செம்புத் தகட்டால் போர்த்திப் பார்த்து, இருபது ஆண்டுகளுக்குள் தன் கப்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு அதே காப்பை அளித்தது. செம்புத் தகடு வெளியிலிருந்து வரும் புழுவைத் தடுத்தது. கப்பலின் உள்ளே வளரும் பூஞ்சையை அதனால் தடுக்க முடியவில்லை. நெப்போலியப் போர்க்காலத்தின் அவசரத்தில் சரியாக உலராத ஓக் மரத்தைக் கொண்டு கட்டிய கப்பல்கள் விரைவில் அழுகின; 1810இல் வெள்ளோட்டம் விடப்பட்ட குயின் ஷார்லட் என்னும் பெரிய போர்க்கப்பல் கடற்பணிக்குச் செல்லும் முன்பே பழுதாகிப் பெரும் செப்பனிடலுக்கு உள்ளானது. அதே காலத்தில் மலபார்த் தேக்கால் பம்பாயில் கட்டப்பட்ட கப்பல்கள் உறுதியாக நின்றன. அவற்றுள் 1817இல் வெள்ளோட்டம் கண்ட டிரிங்கோமாலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் மிதக்கிறது. ஆனால் உலகம் முழுவதும் தேக்கைக் கொண்டு கட்ட முடியாது. மலிவான மரத்தைத் தேக்குக்கு நிகராக்கும் வழி தேடப்பட்டது.

அந்தத் தேடலில் முதலில் புகழ் பெற்றவர் டப்ளினில் பிறந்த ஜான் ஹோவர்ட் கயான். சித்த மருத்துவம் வீரம் என்று அழைக்கும் பாதரசக் குளோரைடின் கரைசலில் மரத்தை ஊறவைக்கும் முறைக்கு அவர் 1832இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன், வூல்விச் கப்பற்கட்டும் தளத்தில் அழுகல் பூஞ்சை செழித்திருந்த குழி ஒன்றில் அவருடைய மரத்துண்டு ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டு, அழுகாமல் வெளியே எடுக்கப்பட்டது. 1833இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே இம்முறை குறித்துச் சொற்பொழிவாற்றியது அதன் மதிப்பை உயர்த்தியது. ஆயினும் பாதரசக் குளோரைடு விலை மிக்கது. இரும்பை அரிப்பதால் இரும்புத் தொட்டிகளில் அதைக் கையாள முடியாது. தொழிலாளர்களுக்குக் கொடிய நஞ்சு. ஊறவைத்தால் மரத்தின் மேலடுக்குகளைத் தாண்டி ஆழமாகச் செல்வதும் இல்லை. கடற்படை மருத்துவரான வில்லியம் பர்னெட் 1838இல் காப்புரிமை பெற்ற துத்தநாகக் குளோரைடு மலிவானது, மனிதருக்குக் கேடு குறைந்தது. ஆனால் நீரில் எளிதாகக் கரைவதால் மழையில் நிற்கும் மரத்திலிருந்து விரைவில் வெளியேறியது. நஞ்சைக் கண்டுபிடிப்பது எளிது, அதைத் தங்கவைப்பதே அரிது என்பது அந்தத் தலைமுறைக்கே தெளிவாகிவிட்டது.

தாரும் இரும்பு உருளையும்

நஞ்சை ஆழமாகச் செலுத்தும் வழிகள் இரண்டு அதே காலத்தில் தோன்றின. பிரெஞ்சு மருத்துவரான ஓகுஸ்த் பூஷ்ரி, மரத்தின் சாறு ஓடும் பாதையையே பயன்படுத்தினார். புதிதாக வெட்டிய, பட்டை உரிக்காத மரத்தின் அடிப்பக்கத்தில் மயில்துத்தம், அதாவது செம்புச் சல்ஃபேட், கரைந்த நீரை உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து இறக்கினால், நீரின் அழுத்தத்தால் அது சாற்றைத் தள்ளிக்கொண்டு மறுமுனைவரை செல்லும். பிரான்சின் தந்திக் கம்பங்கள் பல இம்முறையில் காக்கப்பட்டன; பச்சை மூங்கிலுக்குக் காப்பு ஏற்ற இந்தியாவில் இன்றும் இதன் திருந்திய வடிவம் பயன்படுகிறது.

இரண்டாவது வழி இரும்பு உருளை. மூடிய கலத்தில் மரத்தை வைத்து வெற்றிடமும் அழுத்தமும் கொண்டு திரவத்தை ஏற்றும் கருத்துக்குப் பிரான்சின் ழான் ரொபேர் பிரேயான் 1831இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதைத் தொழிலாக நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் ஜான் பெத்தெல். அவருடைய 1838ஆம் ஆண்டுக் காப்புரிமையில் குறிப்பிடப்பட்ட பல பொருள்களுள் நிலக்கரித் தாரிலிருந்து வடித்த எண்ணெயே நிலைத்தது. பின்னாளில் கிரியோசோட் என்று உலகம் அறிந்த எண்ணெய் அதுதான். உலர்ந்த மரத்தை உருளையில் அடைத்து முதலில் காற்றை உறிஞ்சி எடுப்பர். மரத்தின் நுண்ணறைகளிலிருந்து காற்று வெளியேறியதும், சூடாக்கி இளக்கிய எண்ணெயை உள்ளே விட்டு வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு வரை அழுத்தம் கொடுப்பர். நுண்ணறைகள் முழுதும் எண்ணெயால் நிறைவதால் இது நிறையறை முறை எனப்படும். ஒரு கன மீட்டர் மரம் நூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் செலவு கூடியது; 1902இல் ஜெர்மனியில் தோன்றிய ரூப்பிங் முறையில், முதலில் காற்றை அழுத்தி ஏற்றிவிட்டுப் பின் எண்ணெயைச் செலுத்தினர்; அழுத்தத்தைத் தளர்த்தியதும் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மிகை எண்ணெயை வெளியே தள்ளியது, நுண்ணறைகளின் சுவர் மட்டும் எண்ணெயில் நனைந்து நின்றது.

கிரியோசோட்டின் வெற்றிக்கு வேதியியலோடு பொருளாதாரமும் காரணம். நகரங்களுக்கு விளக்கெரிக்க நிலக்கரியிலிருந்து வாயு தயாரித்த ஆலைகளில் தார் வேண்டாத கழிவாகத் தேங்கியது. அதே ஆண்டுகளில் ரயில்பாதைகள் கோடிக்கணக்கான கட்டைகளைக் கேட்டன. நீரில் கரையாத எண்ணெய் என்பதால் கிரியோசோட் மழைக்கு அசையாமல் மரத்துக்குள் தங்கியது; மூன்றாவது கேள்விக்கு அது ஒரு பகுதி விடை. ஆனால் கரிய நிறம், கடும் நாற்றம், தோலைச் சுடும் தன்மை, சாயம் ஏற்காமை ஆகியவற்றால் வீட்டுக்கும் கருவிகளுக்கும் அது பயன்படவில்லை.

இந்திய ரயில்பாதையும் காடுகளும்

இந்தியாவில் 1853இல் பம்பாய்க்கும் தாணேக்கும் இடையிலும், 1856இல் சென்னை ராயபுரத்துக்கும் வாலாஜா ரோடுக்கும் இடையிலும் ரயில் ஓடத் தொடங்கியபோது, மரப் பாதுகாப்புச் சிக்கல் புதிய அளவை எட்டியது. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை ஸ்லீப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. சென்னை மாகாணத்தில் மட்டும் 1850களில் ஆண்டுக்கு 35,000 மரங்கள் இதற்காக வெட்டப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஐரோப்பாவின் குளிரில் மெதுவாக நடக்கும் அழிவு இங்கே வெப்பத்தாலும் பருவமழையாலும் கரையானாலும் விரைந்தது. காப்பில்லாத மென்மரக் கட்டைகள் மிகச் சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியிருந்தன. தேக்கு, சால், தேவதாரு ஆகிய மூன்றும் இயல்பாகவே நிலைத்து நின்றதால் ரயில் நிறுவனங்கள் அவற்றையே நாடின. அந்தக் காடுகள் சூறையாடப்பட்டன. பால்டிக் பகுதிப் பைன் கட்டைகள் இங்கிலாந்தில் கிரியோசோட் ஏற்றப்பட்டுக் கப்பலில் இந்தியாவுக்கு வந்ததும் உண்டு.

காடுகள் தீர்ந்துவிடும் என்ற அச்சமே இந்திய வனத்துறையின் பிறப்புக்குக் காரணங்களுள் ஒன்று. ஹியூ கிளெக்ஹார்ன் 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார்; 1864இல் டீட்ரிக் பிராண்டிஸ் தலைமையில் பேரரசு முழுமைக்குமான வனத்துறை அமைந்தது. 1878இல் டேராடூனில் தொடங்கிய வனப் பள்ளியைத் தொடர்ந்து 1906இல் அங்கே வன ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். எஸ். பியர்சன் 1912இல் ரயில் கட்டைகளை முதன்மைப்படுத்தி இந்திய மரங்களின் காப்புமுறைகள் குறித்து ஆய்வறிக்கை வெளியிட்டார். இமயமலை அடிவாரத்தில் மிகுதியாக வளரும் சீர் பைன் போன்ற, உறுதியற்ற மரங்களைக் காப்பேற்றிப் பயன்படுத்தினால் தேக்கும் தேவதாருவும் பிழைக்கும் என்பது இந்த ஆய்வுகளின் அடிப்படை எண்ணம். 1920களில் பஞ்சாபின் தில்வானில் கிரியோசோட் ஏற்றும் ஆலை நிறுவப்பட்டது. ஆனால் எண்ணெய் பெருமளவு தேவைப்பட்டது, அதன் விலையும் போக்குவரத்துச் செலவும் மிகுதி. நீரில் கரைத்து ஏற்றத்தக்க, மலிவான, ஏற்றிய பின் நீரில் கரையாத உப்பு ஒன்று இந்தியாவுக்கு மிகவும் தேவைப்பட்டது.

டேராடூனின் விடை

அந்தத் தேவை முரண்பாடு நிறைந்தது. மரத்துக்குள் செல்லும்போது கரைந்திருக்க வேண்டும். சென்ற பின் கரையக் கூடாது. டேராடூன் நிறுவனத்தில் மரப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டிருந்த சொண்டி காமேசம் இதற்கு வேதியியலில் வழி தேடினார். முதலில் ஜெர்மானியப் பூஞ்சையியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபால்க்குடன் இணைந்து ஆர்சனிக்கையும் குரோமியத்தையும் சேர்த்த கலவை ஒன்றை உருவாக்கினார். இருவர் பெயரையும் இணைத்து அது ஃபால்காமேசம் என்று அழைக்கப்பட்டது. பின்னர் அதனோடு செம்பைச் சேர்த்து 1933இல் அவர் கண்ட கலவையே உலக வரலாற்றில் நின்றது. ஆர்சனிக், செம்பு ஆகியவற்றின் வேதிக் குறியீடுகளைச் சேர்த்து ஆஸ்கு என்று அதற்கு வணிகப் பெயர் இடப்பட்டது. 1938இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பிற்காலத்தில் குரோமியமேற்றிய செம்பு ஆர்சனேட் என்ற பொருளில், ஆங்கில முதலெழுத்துகளால் சி.சி.ஏ. என்று உலகம் முழுவதும் அறியப்பட்டது இந்தக் குடும்பத்துக் கலவைதான்.

ஆஸ்குவின் தொடக்க வாய்பாடு ஆர்சனிக் பென்டாக்சைடு ஒரு பங்கு, மயில்துத்தம் மூன்று பங்கு, சோடியம் அல்லது பொட்டாசியம் டைகுரோமேட் நான்கு பங்கு. மூன்றுக்கும் தனித்தனிப் பணி உண்டு. செம்பு பூஞ்சைகளைத் தடுக்கிறது. ஆர்சனிக் கரையானையும் வண்டுகளையும் கொல்வதோடு, செம்பைத் தாங்கிக்கொள்ளும் சில பூஞ்சைகளையும் அடக்குகிறது. இவ்விரண்டையும் மரத்துக்குள் பூட்டி வைப்பது குரோமியத்தின் வேலை. கரைசலில் குரோமியம் ஆறு இணைதிறன் கொண்ட நிலையில் உள்ளது. அது பிற பொருள்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கும் வேட்கை மிக்க நிலை. மரத்துக்குள் சென்றதும் அங்குள்ள லிக்னினோடும் சர்க்கரைப் பொருள்களோடும் வினைபுரிந்து மூன்று இணைதிறன் நிலைக்கு இறங்குகிறது. அந்த வினையின்போது கரைசலின் அமிலத்தன்மை குறைய, செம்பும் ஆர்சனிக்கும் குரோமியத்தோடு சேர்ந்து நீரில் கரையாச் சேர்மங்களாக நுண்ணறைச் சுவர்களில் படிகின்றன. வெப்பநிலையைப் பொறுத்துச் சில நாள்களிலோ சில வாரங்களிலோ முடியும் இந்த மாற்றம் நிலைநிறுத்தம் எனப்படும். மரத்தில் தோன்றும் இளம் பச்சை நிறம் அது நடந்ததற்கான புறக்குறி.

இந்தக் கண்டுபிடிப்பின் ஆழம், மரத்தை வெறும் பாத்திரமாகக் கருதாததில் உள்ளது. அதுவரை பெரும்பாலும் மரம் நஞ்சை ஊற்றி வைக்கும் கலமாகவே எண்ணப்பட்டது. காமேசத்தின் கலவையில் மரமே வேதிவினையின் ஒரு பங்காளி, அதன் லிக்னினே நஞ்சைப் பூட்டும் வினையை நடத்துகிறது. தூளாகவே எடுத்துச் செல்லலாம், நீரில் கரைத்து ஏற்றலாம், நாற்றம் இல்லை, உலர்ந்த பின் சாயம் பூசலாம், ஒரு கன மீட்டர் மரத்துக்குச் சில கிலோகிராம் உப்பே போதும். அடிமைப்பட்ட ஒரு நாட்டின் ஆய்வுக்கூடத்தில், அந்நாட்டின் வெப்பமும் மழையும் கரையானும் எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த விடை, உலகம் முழுவதற்கும் உரிய விடையாயிற்று. இந்திய அறிவியல் வரலாற்றில் காமேசத்தின் பெயர் இன்று பெற்றிருப்பதைவிடப் பெரிய இடத்துக்கு உரியது.

உலகம் ஏற்றுக்கொண்ட பச்சை மரம்

அமெரிக்கத் தொலைபேசித் துறை தன் கம்பங்களுக்கு இந்த உப்பை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வனப் பொருள் ஆய்வுக்கூடம் 1938இல் வெப்பமும் ஈரமும் மிகுந்த மிசிசிப்பி மாநிலத்தின் சாசியர் பகுதியில் நடத் தொடங்கிய சோதனைக் குச்சிகளில், காப்பில்லாதவை சில ஆண்டுகளில் இற்றுவிழ, இக்கலவை ஏற்றியவை பல பதிற்றாண்டுகள் நின்றன. சுவீடனில் பொலிடென் சுரங்கத் தங்கத் தாதுவில் ஆர்சனிக் மிகுதியாகக் கலந்திருந்தது. வேண்டாத அந்தப் பொருளுக்குப் பயன் தேடிய நிறுவனம் தானும் ஆர்சனிக் சார்ந்த மரக் காப்பு உப்புகளை உருவாக்கியது. நிலக்கரித் தாரைப் போலவே இங்கும் ஒரு தொழிலின் கழிவு மரத்துக்குள் இடம் தேடியது. மரப் பாதுகாப்பின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நிகழ்ந்த ஒன்று.

இந்தியாவில் இந்த உப்பு மின்கம்பங்களுக்கும், அனல் மின் நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் எப்போதும் நீர் வழியும் மரச் சட்டங்களுக்கும் ஏற்றப்பட்டது. மரக் காப்புக்கான ஐ.எஸ். 401 என்னும் இந்தியத் தர விதி, மரம் நிற்கும் இடத்தின் ஈரத்துக்கும் இடருக்கும் ஏற்ப எந்தக் காப்பு, எவ்வளவு என்று வகுத்தது. கிழக்குக் கரையில், விசாகப்பட்டினத்தில் இயங்கிய கடல்சார் மர ஆய்வு மையம் கட்டுமரங்களுக்கு இந்த உப்பை ஏற்றிச் சோதித்தது. ஆனால் கண்ணாடி இழைப் படகுகள் பெருகியபோது கட்டுமரமே கடற்கரையிலிருந்து பின்வாங்கத் தொடங்கியது. ரயில்பாதையிலும் கான்கிரீட் கட்டைகள் மரத்தின் இடத்தைப் பிடித்தன.

நஞ்சு கசிந்தபோது

மேலை நாடுகளில் 1970களுக்குப் பின் இந்தப் பச்சை மரம் வீட்டுத் தாழ்வாரங்களுக்கும் குழந்தைகளின் விளையாட்டுத் திடல்களுக்கும் வந்தது. கம்பத்தை யாரும் தொட்டுத் தடவுவதில்லை. ஊஞ்சல் சட்டத்தைப் பிடித்த கை குழந்தையின் வாய்க்குச் செல்லும். நிலைநிறுத்தம் எவ்வளவு உறுதியானதாயினும் முழுமையானதன்று. சிறிதளவு ஆர்சனிக் மழைநீரோடு மண்ணில் இறங்குவதும் மேற்பரப்பில் படிவதும் ஆய்வுகளில் தெரிந்தது. அதைவிடக் கொடியது, பழைய மரத்தை எரிப்பது. ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையில் கலக்க, எஞ்சியது சாம்பலில் செறிந்து தங்குகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையுடன் உற்பத்தியாளர்கள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2003 டிசம்பர் 31 முதல் வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு இக்காப்பை ஏற்றுவது நின்றது. ஐரோப்பிய ஒன்றியமும் 2004இல் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் குறுக்கியது.

மற்றக் காப்புகளின் கணக்கும் வெளிவந்தது. 1775இல் பெர்சிவால் பாட் என்னும் லண்டன் மருத்துவர் புகைபோக்கி துடைப்பவர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று காட்டியிருந்தார். 1915இல் டோக்கியோவில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதுகளில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து தடவிப் புற்றைத் தோற்றுவித்தனர். அத்தாரிலிருந்து வடித்த கிரியோசோட்டும் அதே ஐயத்துக்கு உள்ளாகி, பொதுமக்கள் கைக்குச் செல்வது பல நாடுகளில் தடைப்பட்டது. 1930களில் வந்த பென்டாகுளோரோஃபீனால் என்னும் காப்புப் பொருள் 2015இல் நிலைத்த கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கரையானுக்கு எதிராக வீடுகளின் அடித்தளத்தில் ஊற்றப்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன் ஆகியவை இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டன. இந்தப் பொருள்களின் சிறப்பும் குற்றமும் ஒரே பண்பில் அடங்கியிருந்தன: எளிதில் சிதையாமையே அவற்றை மரத்துக்குக் காப்பாகவும், மண்ணுக்கும் உடலுக்கும் தீராச் சுமையாகவும் ஆக்கியது.

நஞ்சில்லாத காப்பை நோக்கி

மாற்று வழிகள் இரண்டு திசைகளில் செல்கின்றன. ஒன்று, மனிதருக்குத் தீங்கு குறைந்த நஞ்சைத் தேர்வது. வெங்காரமும் போரிக் அமிலமும் பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும், பாலூட்டிகளுக்குப் பெரிதும் கேடற்றவை; ஆனால் மழையில் கரைந்து வெளியேறிவிடுவதால் கூரைக்குள் இருக்கும் மரத்துக்கே ஏற்றவை. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பால் வற்றியதால் வெட்டப்படும் ரப்பர் மரம் மாவுச்சத்து மிக்கது. சில நாள்களிலேயே பூஞ்சணம் படிந்து, பின் உளுத்துப்போகும். ஒரு காலத்தில் பெரும்பாலும் விறகாகவும் பெட்டிப் பலகையாகவும் போன அந்த மரம், வெட்டிய உடனே போரான் உப்பை ஏற்றுவதால் இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் வீடுகளுக்குள் நிற்கிறது. வெளியில் நிற்கும் மரங்களுக்கு ஆர்சனிக்கும் குரோமியமும் இல்லாத செம்புக் கலவைகள் வந்துள்ளன. எனினும் குரோமியத்தின் பூட்டு இல்லாததால் செம்பு சற்றே கூடுதலாகக் கசிகிறது, ஆணிகளையும் விரைவாக அரிக்கிறது.

மற்றத் திசை, மரத்தின் இயல்பையே மாற்றுவது. 1940களில் அமெரிக்க வனப் பொருள் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃப்ரெட் ஸ்டாமும் அவர் துணைவர்களும் ஆராய்ந்த அசெட்டிலேற்றம், நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளை நீரை நாடாத அசெட்டைல் தொகுதிகளாக மாற்றுகிறது. நுண்ணறைச் சுவர்கள் நீரை ஏற்காதபோது பூஞ்சைக்கு வாழ்வில்லை. கொல்லும் பொருள் எதுவும் தேவைப்படுவதில்லை. பின்லாந்தில் 1990களில் தொழிலாக வளர்ந்த வெப்பமாற்று முறையில், மரத்தை ஆக்சிஜன் குறைந்த சூழலில் 180 பாகைக்கு மேல் சூடாக்கி, பூஞ்சை விரும்பும் ஹெமிசெல்லுலோசைச் சிதைக்கின்றனர். இவை விலை மிக்கவை. வெப்பமாற்றிய மரம் சற்று நொறுங்கும் தன்மையும் பெறுகிறது.

காப்பேற்றிய மரம் இல்லாதிருந்தால் தேக்கு, சால், தேவதாருக் காடுகளின் மேல் விழுந்த கோடரி இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். தோட்டங்களில் விரைந்து வளரும் மரத்தைப் பதிற்றாண்டுகள் நிற்கவைத்த வேதியியல், காட்டுக்கு உண்மையான நன்மை செய்தது. அந்த நன்மையைக் கணக்கிட்டவர்கள், மரம் தன் பணியை முடித்த பின் அதற்குள் உள்ள நஞ்சு எங்கே போகும் என்ற கணக்கைப் போடத் தவறினர். வேதியியல் எதிர்கொண்ட மூன்று கேள்விகளோடு நான்காவதாக அதுவும் சேர வேண்டும். பழைய சட்டங்களையும் கம்பங்களையும் வாங்கி அடுப்பெரிப்பவரும், அறுத்து மறுபயன் செய்யும் தச்சரும் அவற்றுள் என்ன ஏற்றப்பட்டது என்று அறிய இன்று பெரும்பாலும் வழியில்லை. காப்பின் பெயரும் ஏற்றிய ஆண்டும் மரத்தின் மேலேயே நிலையாகப் பொறிக்கப்படுவதும், காப்பேற்றிய மரத்தைத் தனியாகச் சேகரித்து அகற்றும் ஏற்பாடு விற்பவரின் கடமையாவதும் காப்பு முறையின் பகுதிகளாகவே கருதப்பட வேண்டும். தூணைக் கல்லின் மேல் நிறுத்திய பழைய தச்சரின் அறிவு, நஞ்சைச் சேர்க்கும் முன் ஈரத்தை விலக்கு என்பதுதான். மரத்துக்கேற்ற இடத்தைத் தேர்ந்து, கட்டும் முறையால் ஈரத்தை விலக்கி, அதற்குப் பின்னும் தேவைப்படும் அளவுக்கு மட்டும் வேதிக் காப்பை நாடுவதே இருநூறு ஆண்டு அனுபவம் கற்பிக்கும் ஒழுங்கு.